ரைஸ் மில்லில் நிற்கும் பஸ்

இன்று சாயந்திரம் அஸர் தொழுகை முடிந்த நேரத்துக்கு உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி வந்தது. அதே எவர்சில்வர் தூக்கு. மூடியில் உன் பெயரும் உன் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கின்றன. திறந்ததும் பூண்டும் வெந்தயமும் புதினாவும் சேர்ந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. கொண்டு வந்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆனால் எதையும் முதலிலிருந்து தொடங்காவிட்டால் எனக்கு நிறைவாகாது என்பது உனக்குத் தெரியும்.

நீ போன பிறகு வரும் மூன்றாவது நோன்பு இது. முதல் வருடம் உன் உம்மா கஞ்சி அனுப்பவில்லை. காய்ச்சினார்களா என்பதே எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. போன வருடத்திலிருந்து மறுபடி அனுப்புகிறார்கள். நான் அதே கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில், அதே கிறீச்சிடும் ஃபேனுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீடு மட்டும் மாறிவிட்டது. உன்னிடம் கேட்காமல் நான் எடுத்த முதல் பெரிய முடிவு அதுதான். தலத்தெருவில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் உன் பக்கத்து இடம் காலியாக இருந்தது, நான் உட்கார்ந்தேன். நம் நட்புக்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. நீ டவுன்காரி, கடற்கரைப் பக்கத்துத் தெரு. நான் நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். மாதத்தில் இருபத்தைந்து நாள் வகுப்பிலேயே அதிகம் சிரிக்கிறவள் நீதான். மீதி நாட்களில் பெஞ்சில் கவிழ்ந்து கிடப்பாய். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பியிருக்கும். யாராவது தொட்டால் எரிந்து விழுவாய்.

ஆரம்பத்தில் நான் உன்னை நம்பவில்லை. நீ நடிக்கிறாய் என்று நினைத்தேன். எனக்கு அந்த மூன்று நாட்களில் எரிச்சல் தந்ததெல்லாம் வீட்டில் ஓரமாக விரித்த பாயும் தனித் தட்டும்தான். வயிறு பெரிதாக வலித்ததில்லை. எனக்கு வராத வலி இவளுக்கு மட்டும் எப்படி வரும், அதுவும் கெமிஸ்ட்ரி டெஸ்ட் அன்றைக்குப் பார்த்து எப்படி வரும் என்று பின் பெஞ்சுக்காரிகளிடம் பேசியிருக்கிறேன். இதைப் பின்னாளில் உன்னிடம் ஒப்புக்கொண்டபோது நீ சிரித்துவிட்டாய். எனக்குத்தான் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

நாம் எல்லோருமே அன்று ஏதோ ஒரு விதத்தில் மறைத்துக்கொண்டுதான் இருந்தோம். லீவ் லெட்டரில் எல்லாப் பெண்களுக்கும் காய்ச்சல். அந்தக் கடிதங்களை மட்டும் வைத்து யாராவது நம் பள்ளியை எடை போட்டால் காரைக்காலில் மாதா மாதம் ஒரு கொள்ளைநோய் வந்து போயிருக்கிறது என்றுதான் முடிவு கட்டுவார்கள். ஒருத்தி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டே பாடம் கேட்பாள். இன்னொருத்தி அந்த நாட்களில் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டே இருப்பாள். வலிக்கு அவளவள் கண்டுபிடித்த வைத்தியம் அது. யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன்னை நான் நம்பியது ஒரு திங்கட்கிழமை. பிரேயர் நடந்துகொண்டிருந்தபோது நீ வரிசையிலிருந்து நழுவிப் போனாய். பின்னாலேயே வந்து பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்புறம் வாந்தி எடுத்திருந்தாய். அதோடு நிற்காமல், குழாயில் தண்ணீர் பிடித்து வந்து அந்த இடத்தை நீயே கழுவிவிட்டுக்கொண்டிருந்தாய். நடிக்கிறவள் யாராவது பார்க்கட்டும் என்று காத்திருப்பாள். இப்படிக் கழுவி மறைக்க மாட்டாள். நான் வாளியை வாங்கிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று அந்தச் சுவரோரம் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசுடி, சும்மா இருந்தா வலியே காதுல கேக்குது" என்றாய். "என்னாத்தப் பேசுறது?" என்றேன். "உன் பஸ் எங்கெல்லாம் நிக்கும், அதச் சொல்லு." நீ அந்த வழியில் ஒரு நாளும் வந்தவள் இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். நெடுங்காடு. வாய்க்கால் மதகு. ரைஸ் மில். ரேஷன் கடை. தலத்தெரு. பஸ் ஸ்டாண்டு.

அதன் பிறகு அது நமக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. ரைஸ் மில்லில் பஸ் வெகுநேரம் நிற்கும். கண்டக்டர் டீ குடிப்பார், யாராவது தவிட்டு மூட்டையை மேலே ஏற்றுவார்கள், டிரைவருக்கும் அவர்களுக்கும் ஒரு வாய்த்தகராறு நடக்கும். உன் வலியும் அப்படித்தான், உச்சத்தில் போய் அங்கேயே நின்றுகொள்ளும். "எங்கடி இருக்க?" என்று நான் குனிந்து கேட்டால், "மில்லுல நிக்கிது, எடுக்கவே மாட்டேங்கிறான்" என்பாய். அப்போது மில்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவித்த நெல்லின் வாசனை, களத்தில் காலால் துழாவிக்கொண்டு நடக்கும் பெண்கள், உமி மேட்டில் படுத்திருக்கும் நாய். "அந்த நாய் என்னா கலரு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாய். கடைசியில் எப்போதோ, "தலத்தெரு வந்துட்டு" என்று பெருமூச்சு விட்டுத் தலையைத் தூக்குவாய். அந்த ஊர்ப் பெயரை உன்னைப்போல ஆசையாகச் சொன்ன ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டால் மறுபடி வகுப்பிலேயே அதிகம் சிரிக்கிறவள் நீதான்.

நீ இறுக்கிப் பிடித்ததில் என் மணிக்கட்டில் உன் நகத்தடம் பதிந்திருக்கும். வீட்டில் அம்மா கேட்பாள் என்று இடது கை வளையல்களையும் கழற்றி வலது கையில் சேர்த்துப் போட்டு மறைத்துக்கொள்வேன்.

ஆனால் நீ பஸ்ஸை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் நான் பெருமையாக, "பாத்தியா, என் பேச்சுலயே உன் வலி போயிட்டு" என்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். "பஸ் கதை நல்லாத்தான் இருக்கு வக்கீலம்மா. ஆனா மாத்திரையும் வேணும். மாத்திரை வேலை செய்யுற வரைக்கும்தான் பஸ்." உன் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குக் கீழே நான்கு மாத்திரைகள் எப்போதும் இருக்கும். வக்கீலம்மா என்பது நீ எனக்கு வைத்த பெயர். யாருக்கு என்ன நடந்தாலும் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு பேசிவிடுவேன் என்பதற்காக.

வலியைவிட அதற்கு முந்தைய வாரம்தான் உன்னை அதிகம் வதைத்தது. இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ வைத்த சிறு சிறு புள்ளிகள் எனக்கு மட்டும் தெரியும். அடுத்த புள்ளி எந்தத் தேதியில் விழும் என்று எண்ணி எண்ணிப் பார்ப்பாய். அன்றைக்குப் பரீட்சை இருக்கிறதா, கல்யாணம் இருக்கிறதா, வெளியூர்ப் பயணம் இருக்கிறதா என்று யோசிப்பாய். "வலி மூணு நாளுடி. பயம் மாசம் முழுக்க" என்றாய். உன் உம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், வெந்தயம் கொடுத்தார்கள், நல்லெண்ணெயில் முட்டை அடித்துக் கொடுத்தார்கள். எல்லாம் கொடுத்துவிட்டு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். "வயித்து வலிக்கு மாப்பிள்ளையாடி மருந்து?" என்று நீ கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ப்ளஸ் டூ படிக்கும்போது காலாண்டுத் தேர்வும் நோன்பும் ஒன்றாக வந்தன. உன் வாப்பா பல வருடங்களுக்குப் பிறகு நோன்புக்குத் துபாயிலிருந்து வந்திருந்தார். உங்கள் நோன்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. விடியுமுன் சாப்பிடும் சஹர் எத்தனை மணிக்கு, நோன்பு திறப்பது எத்தனை மணிக்கு என்று மனப்பாடமாகச் சொல்வேன். உன் எதிரில் யாராவது முறுக்கைக் கடித்தால் நான் முறைப்பேன். தண்ணீர் பாட்டிலைக் கூடப் பைக்குள் மறைத்து வைப்பேன். நீ சிரித்துக்கொண்டே, "நீயே எனக்கும் சேத்துப் புடிச்சிருவ போல" என்பாய்.

இயற்பியல் பரீட்சை அன்று காலை நீ வரும்போதே முகம் வெளுத்திருந்தது. "ஆரம்பிச்சுட்டா?" என்றேன். தலையாட்டினாய். உன்னை ஸ்கூட்டரில் இறக்கிவிட்ட வாப்பா இன்னும் கேட்டருகில் நின்றிருந்தார். "நோன்பாம்மா இருக்க, பாத்து எழுது" என்றார். "ஆமா வாப்பா" என்றாய். நான் அதைக் காதால் கேட்டேன். எங்கள் வீட்டில் விரதமும் அந்த மூன்று நாட்களும் சேராது. ஆனால் நீ சஹருக்கு எழுந்ததாகச் சொன்னாய், வாப்பாவிடம் உன் வாயாலேயே ஆமாம் என்றாய். அப்படியானால் உங்களுக்கு அது வேறு மாதிரி என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஹாலில் போய் உட்கார்ந்தோம். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. முன்னால் மேஜையில் இயற்பியல் சார் கேள்வித்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் உங்கள் தெருக்காரர். பள்ளிவாசலில் உன் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர். நீ குனிந்து கிடப்பதை வராந்தாவில் போன தமிழ் டீச்சர் பார்த்துவிட்டு, ஒரு மாத்திரையும் டம்ளரில் தண்ணீருமாக வந்தார். உன் கை டம்ளரை நோக்கி நீண்டது. நான் எழுந்து நின்று, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னேன். "டீச்சர், அவ நோன்பு. தண்ணி கூட குடிக்கக்கூடாது."

டீச்சர் பதறிப்போய் டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அய்யோ, எனக்குத் தெரியாதுப்பா." சார் நிமிர்ந்து பார்த்து, "மாஷா அல்லா. இந்த வலியிலயும் நோன்ப விடல பாருங்க" என்றார். அத்தனை பெண்களும் திரும்பி உன்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் எழுதினாய். பிறகு பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது, பின்னாலேயே நீயும் விழுந்தாய்.

ஸ்டாஃப் ரூமில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு உன்னைப் படுக்க வைத்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாய். நான் அழுதுகொண்டே விசிறிக்கொண்டிருந்தேன். என் காதைப் பிடித்து இழுத்து, மெதுவாகச் சொன்னாய். "லூசு, எனக்கு நோன்பே இல்லடி. தொழுகை இல்ல. இந்த நாளுல எங்களுக்கு நோன்பு கிடையாது." எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வீட்டில் வாப்பா, அண்ணன் காக்கா என்று ஆண்கள் பார்க்கும்படி சஹருக்கு எழுந்து உட்காருவதும், பகலில் நோன்பு இருப்பதுபோல் வாயை வறட்டிக்கொண்டு திரிவதும் பெண்பிள்ளைகளுக்குப் பழக்கம் என்று அன்றுதான் சொன்னாய். "அப்ப ஏன்டி சொல்லல?" என்றேன். "நீ கேட்டியா? எனக்கும் சேத்து நீதான் பேசிட்டியே."

தமிழ் டீச்சர் எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு, மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். ஆனால் அதற்குள் சார் உன் வாப்பாவுக்குப் போன் செய்திருந்தார். அவர் வந்தார். மகள் விழுந்துவிட்டாள் என்று பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்திலேயே பேசினார். "நோன்பு வச்சுக்கிட்டுப் பரீட்ச எழுதுற உடம்பு இல்ல இவளுக்கு. எதுக்கு இந்தப் படிப்பு? பெருநாளோட நின்னுக்கட்டும். வந்த இடத்தப் பாத்து முடிச்சுடுவோம்." உனக்கு ஒரு சம்பந்தம் வந்திருப்பது எனக்குத் தெரியும். நீ பி.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்பதற்காக அதைத் தள்ளிப்போடச் சொல்லி அழுதுகொண்டிருந்ததும் தெரியும். என் ஒரு வாக்கியம் உன் படிப்பை நிறுத்தப் போகிறது என்று அந்த ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் நீ வரவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் என் பஸ்ஸை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உம்மா அடுப்படியில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். உம்மா கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்கள். "எனக்குத் தெரியாதா புள்ள? ஆம்பளைங்க கண்ணுக்குத் தெரியட்டும்னுதானே சஹருக்கு அவள எழுப்புனேன்." "அப்ப வாப்பாகிட்ட சொல்லுங்க உம்மா. மாத்திரை போட்டிருந்தா அவ எழுதிருப்பா." "இத எப்படிம்மா அவங்ககிட்ட சொல்றது?" நான் சேலைத் தலைப்பை, இல்லை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பினேன். நானே சொல்லிவிடுகிறேன் என்ற வேகம். அறையிலிருந்து வந்து நீ என் கையைப் பிடித்தாய். "வக்கீலம்மா, நீ இங்கயே நில்லு. இந்தத் தடவ நான் பேசிக்கிறேன்."

நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். வாப்பா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நீ அவருக்கு எதிரில் போய் நின்றாய். தலையில் முக்காடு, பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று. "வாப்பா, அன்னிக்கு எனக்கு நோன்பு இல்ல. தொழுகை இல்ல. மாசா மாசம் வலி உசுரு போவுது. அன்னிக்கு மாத்திரை போட்டிருந்தா முழுசா எழுதிருப்பேன். எல்லாருக்கும் முன்னாடி போட முடியல. அதுக்காகப் படிப்ப நிறுத்தாதீங்க." உன் குரல் நடுங்கியது, ஆனால் எங்கும் நிற்கவில்லை.

மணி உருள்வது நின்றது. பிறகு உன்னைப் பார்க்காமல் கேட்டார். "மார்க்கத்துலயே விட்டுருக்கே. அத ஏன் எனக்கு ஒளிக்கிறீங்க?" அடுப்படியிலிருந்து உம்மா சொன்னார்கள், "நீங்க இருக்கீங்கன்னுதாங்க." அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலுக்குப் போனவர் நின்று, "நாளைக்கு ஸ்கூலுக்குப் போவட்டும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் நீ கூடத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாயாம். நீ சாப்பிட்டு முடிக்கிற வரை வாப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தாராம். காலில் போட்டுக்கொண்டே தேடினார் என்று சொல்லி நீ சிரித்தாய். "அல்லா கொடுத்த லீவுடி இது. நாமதான் திருட்டு லீவு மாதிரி ஒளிச்சு எடுக்குறோம்" என்றாய்.

பி.எஸ்ஸி. முடித்தாய், அந்தச் சம்பந்தம் காத்திருந்து உன்னைக் கட்டியது. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, வலி போகவில்லை. ஷார்ஜாவிலிருந்து ஒரு நாள் மத்தியானம் ஆபீசுக்குப் போன் செய்தாய். மலையாளத்து லேடி டாக்டர் ஒருவர் ஸ்கோப் போட்டுப் பார்த்து, இது எண்டோமெட்ரியோசிஸ் என்று சொன்னாராம். "பேரு இருக்குடி அதுக்கு" என்றாய். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாய். அந்தப் பதினைந்து வருடத்தில் உன்னை நடிக்கிறாள் என்றவர்களில் நானும் ஒருத்தி. ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒரு நல்ல செய்தி சார் என்றேன்.

நீ போனது அந்த வலியால் இல்லை. லீவில் ஊருக்கு வந்த இடத்தில் எட்டு நாள் காய்ச்சல், கடிதங்களில் நாம் எழுதியதுபோல் இல்லாத நிஜமான காய்ச்சல். உன்னை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபோது நான் உம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பு எரியவில்லை. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உன்மேல் கோபமாக இருந்தது. இப்போதும் சில நாள் இருக்கிறது.

இப்போது இன்றைக்கு வருகிறேன். கஞ்சித் தூக்கோடு வந்து இறங்கியது, இப்போது உன் உம்மாவிடம் வளரும் உன் மகள். பதின்மூன்று வயது. உன் உயரம் வந்துவிட்டது, உன் முன்பல்லும். உன் வாப்பாதான் ஆட்டோவில் கூட்டி வந்தார். கிழடு தட்டிவிட்டார், ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. கேட்டருகில் நின்று, ஆட்டோக்காரர் இருப்பதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் என்னிடம் சொன்னார். "புள்ளைக்கு இன்னிக்கு நோன்பு இல்லம்மா. வயித்து வலி. உன்னப் பாக்கணும்னுச்சு. அந்தக் கஞ்சில ஒரு வாய் இப்பவே குடிக்கச் சொல்லு. நான் மஃரிப் தொழுதுட்டு வந்து கூட்டிக்கிறேன்."

அவர் போன பிறகும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நீ அன்று அவர் எதிரில் நின்று சொன்னது இத்தனை வருடம் கழித்து எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பார்.

உள்ளே வந்தால் அவள் சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை. எனக்கு வாய் பரபரத்தது. வெந்நீர்ப் பை, ஓமத்தண்ணீர், டாக்டர், உம்மாவுக்குப் போன் என்று வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத்தான் தெரியும்.

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மாத்திரை போட்டாச்சு ஆன்ட்டி. டாக்டர்கிட்டயும் உம்மம்மா கூட்டிட்டுப் போனாங்க. இது அது வேலை செய்யுற வரைக்கும்தான்." எது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "மில்லுல நிக்கிது."

நான் அவள் பக்கம் குனிந்தேன். "யாரும்மா சொன்னா உனக்கு?"

"உம்மாதான். ஷார்ஜால வலி வந்து படுத்துக்கிட்டா நான்தான் ஸ்டாப் சொல்லணும். சின்னப் புள்ளையிலேருந்து சொல்லுவேன். மதகு, மில்லு, ரேஷன் கடை எல்லாம். மில்லுல வந்து நின்னுட்டா, அங்க என்ன பண்றாங்கன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது, நானா எதாச்சும் சொல்லுவேன். நாய்க்கு மட்டும் கலர் கரெக்டா சொல்லணும். செவலைன்னு." கொஞ்சம் நிறுத்தி, "நெஜமாவே இருக்கா ஆன்ட்டி அந்த மில்லு?" என்றாள்.

மில் இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அதை அவளிடம் சொன்னேன். ஆனால் பஸ் இன்னும் அங்கே நிற்கிறது, டிரைவர் மாறினாலும் டீ மாறவில்லை என்றும் சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு விருப்பமிருந்தால், நெடுங்காட்டில் ஏறி பஸ் ஸ்டாண்டு வரை வரலாமா என்று கேட்டேன். உம்மம்மாவிடம் தானே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பிறகு நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். மில்லுக்கு வந்ததும் அவள் பிடி இறுகியது. அவித்த நெல், களம், செவலை நாய். நீ என்னென்ன கேட்டாயோ அத்தனையையும் சொன்னேன். ரேஷன் கடை தாண்டியபோது விரல்கள் தளர்ந்தன.

"தலத்தெரு வந்துட்டு" என்றாள். அப்புறம் கண்ணைத் திறந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க இருக்கிறதே தலத்தெருதானே?" ஆமாம் என்றேன். எழுந்து உட்கார்ந்து, தூக்கிலிருந்து கஞ்சியை ஊற்றிக் குடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

அவளை வாப்பா வந்து கூட்டிப் போய்விட்டார். தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெறும் பாத்திரமாகக் கொடுக்காமல் அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எழுதுகிற கையில், மணிக்கட்டுக்கு உள்பக்கம், நான்கு நகத்தடம் சிவந்து கிடக்கிறது. நீ பதித்த அதே இடம். நாளைக்கு ஆபீசில் யாராவது கேட்பார்கள். இந்த முறை நான் வளையலை மாற்றிப் போடப்போவதில்லை.